டிஷ் இருந்தும் நியூயார்க் சேனல் ஏன் வருவதில்லை?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் டிஷ் ஆன்டெனா வாங்கியதும் கேட்கும் கேள்வி இது. 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் சாட்டிலைட் அந்த நாடு முழுவதையும் பார்க்கிறது. அப்படியிருக்க, நியூயார்க் நிலையத்தை என் வீட்டுக்குத் தர மறுப்பது ஏன்? 2004-ல் நானும் இதையே கேட்டேன். அப்போது மேற்கு வர்ஜீனியாவில், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் குடியிருந்தேன்.

முதலில் அங்குள்ள டிவி அமைப்பைப் பார்ப்போம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நான்கும் பெரிய நெட்வொர்க்குகள். நம் ஊர் சேனல்கள் போல ஒரே ஒளிபரப்பு நாடு முழுக்கப் போவதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள உள்ளூர் நிலையம் நெட்வொர்க் நிகழ்ச்சிகளோடு தன் செய்திகளையும் விளம்பரங்களையும் சேர்த்து ஒளிபரப்புகிறது. இப்படி 210 பகுதிகள் உள்ளன. நீங்கள் நியூயார்க் நிலையத்தைப் பார்த்தால் உள்ளூர் நிலையத்துக்கு விளம்பர வருமானம் போய்விடும். எனவே தடையாக நிற்பது சாட்டிலைட் அல்ல, சட்டம்தான்.

1988-ல் வந்த சட்டம் ஒரு விதிவிலக்கு தந்தது. கூரை மேல் சாதாரண ஆன்டெனா வைத்தும் உள்ளூர் சிக்னல் போதிய அளவு கிடைக்காத வீட்டுக்கு மட்டும் வெளியூர் நிலையத்தைத் தரலாம். இதற்கு 'டிஸ்டன்ட் நெட்வொர்க்' என்று பெயர். போதிய அளவு என்பதற்கு அன்று 'கிரேடு பி' என்ற அளவுகோல் இருந்தது. இங்குதான் சிக்கல். அது உங்கள் டிவியில் தெரியும் படத்தைப் பார்த்துச் சொல்வதல்ல. முகவரியைக் கொடுத்தால், மலை, மேடு, தூரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு கம்ப்யூட்டர் மாடல் விடை சொல்லும். ஒரு மாடி வீட்டுக்கு ஆன்டெனா 20 அடி உயரத்திலும், அதைவிட உயரமான வீட்டுக்கு 30 அடியிலும் இருப்பதாக வைத்துக் கொள்ளும். என் டிவியில் பனி கொட்டுவது போல் புள்ளிகள். கம்ப்யூட்டரோ 'சிக்னல் உண்டு' என்றது!

அடுத்த வழி 'வெய்வர்'. டிஷ் நிறுவனம் மூலம் உள்ளூர் நிலையத்திடம் சம்மதம் கேட்பது. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் தந்ததாகவே பொருள். எனக்கு இரண்டு நிலையங்கள் சம்மதித்தன, ஒன்று மறுத்தது, ஒன்று பதிலே போடவில்லை. பதில் வராதது எனக்குச் சாதகம் என்பது வாடிக்கையாளர் சேவையில் இருந்தவருக்கே தெரியவில்லை. மூன்று முறை போன் செய்து சட்டத்தைச் சொன்ன பிறகுதான் அந்தச் சேனல் வந்தது. மறுத்த நிலையத்துக்கு, வீட்டுக்கே வந்து சிக்னலை அளக்கும்படி கேட்கும் உரிமையும் இருந்தது. நான் அதுவரை போகவில்லை.

சிலர் வேறு ஊரில் குடியிருப்பதாகப் பொய் முகவரி கொடுத்து அந்த ஊர் சேனலைப் பெற்றனர். இதற்கு டெக்னாலஜியே அணை போட்டது. 1999 சட்டம் உள்ளூர் நிலையங்களையும் டிஷ்ஷில் தர அனுமதித்தது. நூற்றுக்கணக்கான நிலையங்களை நாடு முழுக்க இறக்க அலைவரிசை போதாது. எனவே டார்ச் ஒளி போல ஒரு வட்டாரத்தில் மட்டும் விழும் 'ஸ்பாட் பீம்' வந்தது. டைரக்டிவியின் 4எஸ் சாட்டிலைட் 2001 நவம்பரில் இதற்காகவே ஏவப்பட்டது. ஒரே அலைவரிசையைத் தூரத்து வட்டாரங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால், முகவரியை எப்படி மாற்றினாலும் படம் வராது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. தகுதியில்லாத வீடுகளுக்கும் தந்ததற்காக, 2006 டிசம்பரில் டிஷ் நெட்வொர்க்கின் இந்தச் சேவையை நீதிமன்றம் நிறுத்தியது. லட்சக்கணக்கான வீடுகளில் சேனல்கள் போயின. 210 பகுதிகளுக்கும் உள்ளூர் நிலையங்களைத் தந்தால் மீண்டும் அனுமதி என்று 2010 சட்டம் வழி செய்தது. 2019 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, 2020 ஜூன் முதல் டிஸ்டன்ட் நெட்வொர்க் இரண்டே வகையினருக்குத்தான்: வீடு போன்ற வேன்களிலும் நெடுந்தூர லாரிகளிலும் செல்பவர்கள், நான்கு நெட்வொர்க்குகளில் ஏதாவது ஒன்றுக்கு நிலையமே இல்லாத பகுதியில் குடியிருப்பவர்கள். அதையும் 210 பகுதிகளுக்கும் சேவை தரும் நிறுவனமே தரலாம். என் பழைய வீட்டுக்கு இன்று வெய்வர் கேட்டுப் பயனில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? இன்டர்நெட் வழி டிவி சேவைகளும் நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்தே உள்ளூர் நிலையத்தைத் தருகின்றன. அங்கும் நியூயார்க் கிடைக்காது. ஆனால் நெட்வொர்க் நிகழ்ச்சி மட்டும் போதும் என்றால் கூரை ஆன்டெனாவை மறுபடி முயன்று பாருங்கள். 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்கள் அனைத்தும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் பனிப்படம் இப்போது இல்லை. வந்தால் தெளிவாக வரும், இல்லாவிட்டால் வராது. எஃப்.சி.சி.யின் இணையதளத்தில் முகவரியை டைப் செய்தால் எந்த நிலையங்கள் எட்டும், எந்தத் திசையில் என்று காட்டும். அதில் ஒளிபரப்பு சேனல் எண்ணையும் பாருங்கள். 13 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வி.ஹெச்.எஃப். ஜன்னலில் ஒட்டும் சிறிய ஆன்டெனா அதற்குப் பெரும்பாலும் உதவாது. நீண்ட கம்பிகள் கொண்ட பழைய பாணி ஆன்டெனாவே வேண்டும்.