ரூ.6,000-க்கு போர் ஓவர் செட்: போட்ட காசு எப்போ திரும்பி வரும்?

"வெளிய காபி குடிக்கிறதை நிறுத்துங்க, கோடீஸ்வரர் ஆயிடலாம்"னு சொல்ற பதிவு இல்ல இது. அடையாறு, தி.நகர் பக்கம் கஃபேயில போர் ஓவர் குடிச்சுப் பழகினவங்களுக்கு ஒரு கட்டத்துல தோணும்: "இதை வீட்டுலயே போட்டா செலவு குறையுமே?" குறையும். ஆனா எவ்வளவு குறையும்ங்கிறது, அந்த செட் உங்களோட எந்த காபிக்கு பதிலா வருதுங்கிறதைப் பொறுத்தது.

போர் ஓவர்னா என்ன?

காபித்தூள் மேல வெந்நீர் ஊத்தி, பேப்பர் வழியா வடிய விடுறது. அவ்வளவுதான். 1908-ல ஜெர்மனியில மெலிட்டா பென்ட்ஸ்ங்கிற பெண்மணி பேப்பர் வடிகட்டிக்கு உரிமம் வாங்கினாங்க. இன்னைக்கு கஃபேயில பார்க்கிற வி60-ங்கிற கூம்பு, ஜப்பானோட ஹரியோ கம்பெனி பண்றது. வி வடிவம், 60 டிகிரி கோணம், அதான் பேரு.

நம்ம வீட்டு எவர்சில்வர் ஃபில்டரும் இதே வேலையைத்தான் செய்யுது. ஃபில்டர்ல கொஞ்சம் தண்ணி, மெதுவா வடியும், கெட்டி டிகாக்‌ஷன் கிடைக்கும். அதுல பால் சேர்க்கலாம். போர் ஓவர்ல நிறைய தண்ணி, மூணு நிமிஷத்துல வடிஞ்சிடும். அதை பால் இல்லாம அப்படியே குடிக்கணும்.

கணக்கைப் பார்ப்போம்

கீழ இருக்கிறது எல்லாம் உதாரண விலை. உங்க பில்லைப் பார்த்து மாத்திக்கோங்க.

- கஃபேயில ஒரு போர் ஓவர்: ரூ.220
- 250 கிராம் கொட்டை ரூ.500. கப்புக்கு 15 கிராம்னா 16 கப் வரும். அதாவது ரூ.31, பேப்பர் ரூ.5. வீட்டுல ஒரு கப் ரூ.36
- கூம்பு ரூ.600, கிச்சன் தராசு ரூ.500, கை கிரைண்டர் ரூ.3,000, வாத்துக்கழுத்து கெட்டில் ரூ.2,000. மொத்தம் ரூ.6,100

ஒரு கப்புக்கு மிச்சம் ரூ.184. 34 கப்புல செட் காசு திரும்பி வந்திடும். மாசம் 12 கப் கஃபேயில குடிக்கிறவருக்கு மூணு மாசம். நல்ல முதலீடுதான்!

இப்போ இன்னொருத்தர். ஆபீஸ் பக்கத்து ஹோட்டல்ல மாசம் 20 ஃபில்டர் காபி, ஒண்ணு ரூ.40. அவருக்கு ஒரு கப்புக்கு மிச்சம் வெறும் ரூ.4. செட் காசு திரும்ப 1,525 கப் ஆகணும். ஆறு வருஷத்துக்கு மேல!

மூணாவது ஆள்தான் நிறைய பேர். வீட்டுல போர் ஓவரும் போடுவாங்க, கஃபேக்கும் போவாங்க. இவங்களுக்கு சேமிப்பே இல்ல, புதுசா ஒரு செலவு சேர்ந்திருக்கு. தப்பில்ல, ஆனா பட்ஜெட்ல அதை "பொழுதுபோக்கு"ன்னு எழுதுங்க, "சேமிப்பு"ன்னு எழுதாதீங்க.

எதை முதல்ல வாங்கணும்?

கூம்பும் தராசும் மட்டும் போதும். ரூ.1,100, ஆறே கப்புல திரும்பிடும். கெட்டிலுக்கு பதிலா மூக்கு வெச்ச சின்ன ஜக்குல மெதுவா ஊத்தலாம்.

செட்லயே பெரிய செலவு கிரைண்டர். அதைத் தள்ளிப்போட சென்னையில நமக்கு ஒரு வசதி இருக்கு. மயிலாப்பூர் மாட வீதி பக்கமும் தி.நகர்லயும் காபிக்கொட்டையை அரைச்சுத் தர்ற கடைகள் இருக்கு. அங்க மூணு விஷயம் சொல்லுங்க:

1. சிக்கரி வேண்டாம், பீபெரியோ பிளான்டேஷன் ஏ-வோ பியூரா வேணும். சிக்கரி கலந்தா பேப்பர் அடைச்சுக்கும்.
2. ஃபில்டர் பதம் வேண்டாம், ரவை மாதிரி கொரகொரப்பா அரைங்க.
3. 100 கிராம் போதும். அரைச்ச தூள்ல வாசனை சீக்கிரம் போயிடும்.

ரெண்டு மாசம் விடாம போட்டீங்கன்னா, அப்புறம் கிரைண்டர் வாங்குங்க.

போடுற முறை

தூள் 15 கிராம், தண்ணி 250 மி.லி. பேப்பரை கூம்புல வெச்சு வெந்நீர்ல நனைச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. தூளைப் போட்டு சமமா தட்டிவிடுங்க. தண்ணி கொதிச்சு அரை நிமிஷம் ஆனதும் முதல்ல 40 மி.லி. ஊத்தி 30 விநாடி விடுங்க. தூள் நுரைச்சு எழும்பும். மீதியை மூணு தடவையா, நடுவுல இருந்து வட்டமா ஊத்துங்க. மொத்தம் மூணு நிமிஷத்துக்குள்ள வடியணும்.

புளிப்பா இருந்தா தூளை இன்னும் நைஸா அரைக்கணும். கசந்தா இன்னும் கொரகொரப்பா. போர் தண்ணி உப்பா இருந்தா கேன் தண்ணி எடுங்க. காபியில பெரும்பகுதி தண்ணிதானே!

"எனக்கு பால் காபிதான் வேணும்"

அப்போ போர் ஓவர் பக்கமே போகாதீங்க. பால் ஊத்தினா தண்ணியாதான் இருக்கும். ரூ.500-க்கு ஒரு எவர்சில்வர் ஃபில்டர் வாங்குங்க. தூள் 10 கிராம் ரூ.7, பால் ரூ.7, சர்க்கரை சேர்த்து ஒரு டம்ளர் சுமார் ரூ.15. ரூ.40 ஹோட்டல் காபிக்கு பதிலா இதுன்னா 20 டம்ளர்ல ஃபில்டர் காசு வந்திடும். தூள் பாக்கெட்ல சிக்கரி எத்தனை சதவீதம்னு பாருங்க. சட்டப்படி 49% வரைக்கும் கலக்கலாம், அதை பாக்கெட்ல போட்டிருக்கணும். 80:20-க்கு உண்டான விலையைக் கொடுத்து 60:40 வாங்காதீங்க.

கடைசியா ஒண்ணு

காபி மெஷினை "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ."ல வாங்குறதுக்கு முன்னாடி பிராசஸிங் கட்டணம் எவ்வளவுன்னு பாருங்க. வட்டியை தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல வர்ற 18% ஜி.எஸ்.டி.யை நீங்கதான் கட்டணும்.

இன்னைக்கே யு.பி.ஐ. ஹிஸ்டரியைத் திறந்து, போன மாசம் வெளிய எத்தனை காபி, ஒண்ணு என்ன விலைன்னு எண்ணுங்க. அந்த விலையில இருந்து வீட்டு கப் விலையைக் கழிங்க. மிச்சத்தால செட் விலையை வகுத்தா, எத்தனை கப்புல காசு திரும்பும்னு தெரிஞ்சிடும். ஆறு மாசத்துக்குள்ள குடிக்கிற எண்ணிக்கையா இருந்தா தாராளமா வாங்குங்க. இல்லன்னா, எவர்சில்வர் ஃபில்டரே போதும்!