நாக்கில் கரையணும், ரோட்டில் கரையக் கூடாது

திருப்பதியில் மே மாத மதியம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது யாருக்கும் செய்தி அல்ல. அந்த வெயிலில் கூல் கேக் எனப்படும் கிரீம் கேக்கில் ஒரு கிலோ வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறுங்கள். தூரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். சந்திரகிரி தாண்டும்போது மேலிருக்கும் ரோஜாப்பூ தலை சாயும். பூதலப்பட்டு வருவதற்குள் ‘ஹேப்பி பர்த்டே’யில் பாதி எழுத்து அட்டையில் ஒட்டியிருக்கும். பேக்கரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் மாட்டிக்கொண்டிருப்பது ஒரு சிக்கலான கணக்கில்.

கிரீம் என்று நாம் நக்கிச் சாப்பிடுவதில் பெரும்பங்கு காற்றுதான். பால் கிரீமை அடித்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூல் கேக்குக்கு அடிக்கிற தாவரக் கொழுப்பு கிரீம் மூன்று மடங்குக்கு மேலும் உப்பும். அடிக்கும்போது கொழுப்புத் துளிகள் மேல்தோல் கிழிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொரு காற்றுக்குமிழியைச் சுற்றியும் சுவர் எழுப்புகின்றன. கொழுப்பு ஓரளவாவது கெட்டியாக இருக்கும்வரைதான் அந்தச் சுவர் நிற்கும். உருகினால் குமிழிகள் ஒன்றாகிக் காற்று போய்விடும், தண்ணீர் அடியில் வடியும். வழிந்த கிரீமைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாலும் பழைய உருவம் வராததற்குக் காரணம் இதுதான்: குளிர் கொழுப்பை இறுக்கும், போன காற்றைக் கொண்டுவராது.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே குழைய ஆரம்பிக்கும். அதனால்தான் நம் ஊர்க் கடைக்காரர்கள் எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுத்து, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய கொழுப்பில் செய்த கிரீமுக்குப் போனார்கள். இதன் உருகுநிலையைக் கொஞ்சம் மேலே தள்ள முடியும். இன்னும் தள்ளலாமே என்றால், அங்கே நம் வாய் குறுக்கே நிற்கிறது. வாய்ச்சூடு 37 டிகிரி. அதற்கு மேல் உருகும் கொழுப்பு நாக்கில் கரையாது, மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். ஐரோப்பாவில் வீட்டுக்குள் 20 டிகிரி, வாயில் 37. நடுவே 17 டிகிரி இடைவெளி இருப்பதால் அங்குள்ளவர் சௌகரியமாக வெண்ணெய்ப்பூ பிழிகிறார். திருப்பதியின் மே மாதத்தில் தெரு, வாயை விடச் சூடு. வாயில் கரைகிற கிரீம் தெருவிலும் கரையத்தான் செய்யும். இதற்கு மாற்று ரெசிப்பி கிடையாது. கேக்குக்கு வெயிலே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

அதில் பாதி வேலை முந்தின ராத்திரியே நடக்க வேண்டும். நடுப்பகுதிவரை நன்றாகக் குளிர்ந்த கேக் தன் குளிரைத் தானே கொஞ்ச நேரம் காக்கும். அட்டைப்பெட்டி மட்டும் போதாது. அதைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துப் பக்கத்தில் உறைந்த ஜெல் பை வைக்கலாம். காரில் என்றால் சீட்டில் வேண்டாம், சரிந்திருக்கும். கால் வைக்கும் தரைதான் சமமானது, வெயிலும் படாது. வழியில் டீ குடிக்கக் காரை மூடிவிட்டு இறங்கினால், அரை மணி நேரத்தில் உள்ளே வெளிவெயிலை விட 15 டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். டீயைத் தள்ளிப்போடுங்கள்.

அப்படியானால் ஃபாண்டன்ட் போடலாமே என்பார்கள். சர்க்கரை மாவைத் தேய்த்து விரித்து மூடும் இந்தப் போர்வை 40 டிகிரியில் உருகாதுதான். ஆனால் சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். காய்ந்த மே வெயிலில் ஓரளவு தாங்கும் இது, வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் பிசுபிசுத்துவிடும். கிரீமின் கஷ்டகாலம் கோடை, ஃபாண்டன்டுக்கு மழைக்காலம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த கேக்கின் மேல் துளியாகப் படியும், சிவப்பு நிறம் வெள்ளைக்குள் ஓடும். மூடியபடியே கொஞ்ச நேரம் விட்டால் அந்தத் துளி பெட்டியின் மேல் படியும். சித்தூர்க்காரர்களுக்கு இன்னொரு ஆசை உண்டு, மாம்பழத் துண்டு. ஊர் முழுக்கத் தோப்பு இருக்கும்போது ஆசைப்படாமல் முடியுமா? ஆனால் சர்க்கரை கிரீமில் பட்டதும் பழம் சாறு விடும். கேக்கை வெட்டுவதற்குச் சற்று முன்னால் அதை வைப்பதே நல்லது.

இதே திருப்பதியின் லட்டு வெயிலைக் கண்டு அசைவதில்லை. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு, குளிர்பெட்டி இல்லாமலே ரயிலேறி எங்கெங்கோ போகிறது. அதில் காற்றுச் சுவர் எதுவும் இல்லை. நெய் உருகினாலும் பூந்தியைப் பிடித்து வைத்திருப்பது சர்க்கரைப் பாகு. இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரை கட்டிப்போட்டுவிடுவதால் பாக்டீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கிரீம் கேக்கில் அது தாராளமாகக் கிடைக்கிறது. 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகள் பெருகும் வெப்பம். பால் கிரீம், கஸ்டர்ட் வைத்த கேக்கை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. மாமா வரட்டும் என்று மெழுகுவத்தியோடு கேக்கை மேஜையில் காக்க வைக்கும் நம் வழக்கத்தை அந்த விதி எழுதியவர்கள் பார்த்ததில்லை. மாமா வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு எடுத்தால் போதும்.

மிச்சம் இருந்தால்? கிரீமுக்காக ஃபிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்பாஞ்சுக்கு அது ஆகாது. மாவுச்சத்து மறுபடி இறுகிக் கேக் வறண்டுபோவது ஃபிரிட்ஜின் 4 டிகிரியை ஒட்டித்தான் வேகமாக நடக்கும். மைனஸ் 18இல் அது ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதென்றால் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரீசரில் போடுங்கள். சாப்பிடும் முன் சுற்றியதைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும்.