தூத்துக்குடிக் கடலில் பவளம் ஏன் வெளுக்கிறது?

பெயர்தான் பவளப்பாறை, அது வெறும் கல் அல்ல. சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் சின்னஞ்சிறு உயிர்களின் குடியிருப்பு. அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் வாடகைக்கு இருக்கின்றன. வெயிலில் உணவு தயாரித்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். பவளத்துக்கு நிறமும் பெரும்பாலும் அவை தருவதே. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும். பாசிக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது கண்ணில் படும் வெள்ளை, உள்ளிருக்கும் சுண்ணாம்பு. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். இல்லையேல் பட்டினிச் சாவுதான்.

தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் இந்த வெளுப்பு பெரிய அளவில் நடந்தது. பாறை செத்தால் அதை அண்டிய மீனும் நண்டும் குறையும். முதல் அடி கரையோர நாட்டுப்படகுக்காரருக்கு. அலையை உடைக்கும் அரணும் போகும். இருந்தாலும் எல்லாப் பழியையும் வெப்பத்தின்மேல் போட முடியாது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளத்தை வெட்டியெடுத்தவர்கள் நாம்தான்.

இப்போது, இதே வளைகுடாவில் அலையால் அரிக்கப்பட்டுவந்த வான் தீவின் அருகே கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். பவளத் துண்டுகளைக் கட்டி நட்டும் வளர்க்கிறார்கள். இவை கடலின் சூட்டைக் குறைக்காது; ஆனால் பவளத்துக்கு அவகாசம் தரும். படகில் போகிறவர்கள் பாறைமேல் நங்கூரம் போடாதீர்கள். கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.