வினாகிரெச்சி

வினாகிரெச்சி என்பது பிரேசில் நாட்டில் தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வினாகிரி, எண்ணெய், உப்பு ஆகியவற்றுடன் கலந்து, சமைக்காமல் உண்ணப்படும் ஒரு தொடுகறி ஆகும். இது மோலியு அ கம்பாஞா என்றும் அழைக்கப்படுகின்றது. பிரேசிலியர்கள் தணலில் சுட்டு உண்ணும் சுராஸ்கோ எனப்படும் இறைச்சி உணவுக்கு இது இன்றியமையாத துணையாகக் கருதப்படுகின்றது. அடுப்போ சிறப்புக் கருவிகளோ தேவையில்லை என்பதால் இதனை வீட்டில் எவரும் எளிதாகச் செய்யலாம். எனினும் பச்சைக் காய்களால் ஆன உணவு என்பதால், தூய்மையிலும் சேமிப்பிலும் கவனம் தேவைப்படுகின்றது.

பெயர்

பிரெஞ்சு மொழியில் வினாகிரியைக் குறிக்கும் சொல், புளித்த திராட்சை மது என்னும் பொருள் கொண்ட இரு சொற்களின் சேர்க்கையால் உருவானது. அதிலிருந்து வினாகிரியும் எண்ணெயும் கலந்த கலவைக்கு வினேகிரெட் என்னும் பெயர் ஏற்பட்டது. பிரெஞ்சு வினேகிரெட் பச்சைக் காய்கறிக் கலவைகளின் மேல் ஊற்றப்படும் ஒரு நீர்மம் ஆகும். பிரேசிலிலோ அதே பெயர், காய்த்துண்டுகளையே முதன்மையாகக் கொண்ட தொடுகறியைக் குறிக்கின்றது. பிரேசிலியப் போர்த்துக்கேயத்தில் சொல்லின் இறுதியில் வரும் தகர ஒலி பெரும்பாலும் சகர ஒலியாகத் திரிவதால் இது வினாகிரெச்சி என ஒலிக்கப்படுகின்றது. மற்றொரு பெயரில் உள்ள கம்பாஞா என்னும் சொல் நாட்டுப்புற வெளியைக் குறிக்கும்.

இலங்கைத் தமிழில் வழங்கும் வினாகிரி என்னும் சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததே. இலங்கையின் கரையோரப் பகுதிகள் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தபோது தமிழில் கலந்த பல சொற்களுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இப்பொருள் பெரும்பாலும் வினிகர் எனப்படுகின்றது.

சேர்பொருட்களின் தோற்றம்

வினாகிரெச்சியில் சேரும் பொருட்கள் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்தவை. தக்காளியின் காட்டு இனங்கள் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளர்கின்றன. அது மெக்சிக்கோப் பகுதியில் பயிர்ச்செடியாக வளர்க்கப்பட்டு, அங்கிருந்து எசுப்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. தக்காளியின் போர்த்துக்கேயப் பெயரான தொமாத்தி, மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. வெங்காயம் நடு ஆசியாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாயகமாகக் கொண்டது. ஆலிவ் எண்ணெயும் வோக்கோசும் நடுநிலக்கடல் பகுதியைச் சேர்ந்தவை.

பெத்ரோ ஆல்வாரெசு கப்ரால் தலைமையிலான போர்த்துக்கேயக் கப்பல்கள் 1500ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரேசில் கரையை அடைந்தன. அதன் பின்னர் தொடர்ந்த குடியேற்றத்துடன் வினாகிரியும் ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் பிரேசில் சமையலில் இடம்பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாவோ பாவுலோ மாநிலத்திலும் தென் மாநிலங்களிலும் பெருந்தொகையாகக் குடியேறிய இத்தாலியர்களின் உணவிலும் தக்காளிக்கு முக்கிய இடம் இருந்தது.

வீட்டில் செய்யும் முறை

கீழே தரப்படும் அளவு 6 முதல் 8 பேருக்குப் போதுமானது.

தேவையான பொருட்கள்

- பழுத்த, ஆனால் கெட்டியான தக்காளி: 500 கிராம் (நடுத்தர அளவில் 4 அல்லது 5)
- பெரிய வெங்காயம்: 150 கிராம்
- பச்சைக் குடைமிளகாய்: 75 கிராம் (ஏறத்தாழ பாதிக் காய்)
- நறுக்கிய வோக்கோசு அல்லது கொத்தமல்லித் தழை: 2 மேசைக்கரண்டி
- நறுக்கிய வெங்காயத்தாள்: 2 மேசைக்கரண்டி
- வினாகிரி: 60 மி.லி.
- ஆலிவ் எண்ணெய்: 45 மி.லி.
- குளிர்ந்த குடிநீர்: 30 மி.லி. (விரும்பினால்)
- உப்பு: 1 தேக்கரண்டி
- மிளகுத்தூள்: சிறிதளவு

செய்முறை

1. காய்கறிகளையும் தழைகளையும் ஓடும் நீரில் நன்கு கழுவ வேண்டும். பிரேசில் வீடுகளில் இவற்றை உணவுப் பயன்பாட்டுக்கு உரிய குளோரின் கரைசலில் சுமார் 15 நிமிடம் ஊறவைத்து, மீண்டும் கழுவும் வழக்கம் உண்டு.
2. வெங்காயத்தை அரை சென்டிமீட்டர் அளவுள்ள சதுரத் துண்டுகளாக நறுக்கி, குளிர்ந்த நீரில் 10 நிமிடம் வைத்துப் பின் நீரை முற்றாக வடிக்க வேண்டும். காரமான வெங்காயத்தை விரும்புவோர் இப்படியைத் தவிர்க்கலாம்.
3. தக்காளியையும் குடைமிளகாயையும் அதே அளவில் நறுக்க வேண்டும். குடைமிளகாயின் விதைகளையும் உள்ளிருக்கும் வெள்ளை நரம்புகளையும் நீக்கிவிட வேண்டும்.
4. கண்ணாடி, பீங்கான் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணம் ஒன்றில் வினாகிரியையும் உப்பையும் இட்டு, உப்பு கரையும் வரை கலக்க வேண்டும். அதன் பின்னரே நீர், மிளகுத்தூள், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.
5. வெங்காயம், குடைமிளகாய், தக்காளி என்னும் வரிசையில் காய்களைச் சேர்த்து, தக்காளி நசுங்காதவாறு மெதுவாகக் கிளற வேண்டும்.
6. மூடிக் குளிர்பதனப் பெட்டியில் 30 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை வைக்க வேண்டும்.
7. பரிமாறுவதற்குச் சற்று முன் வோக்கோசு, வெங்காயத்தாள் ஆகியவற்றைத் தூவி, உப்பும் புளிப்பும் சரிபார்க்க வேண்டும்.

செய்முறையின் காரணங்கள்

வெங்காயத்தை நறுக்கும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து, தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மங்களும் நொதியங்களும் ஒன்றுசேர்கின்றன. இவ்வினையின் விளைவாகவே கண்ணீரை வரவழைக்கும் ஆவியும் காரமான சுவையும் உண்டாகின்றன. கண்ணீர்க் காரணியை உருவாக்கும் தனி நொதியம் ஒன்று உண்டு என்பதை 2002ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நறுக்கிய துண்டுகளை நீரில் இடும்போது வெட்டுப்பரப்பில் உள்ள காரச் சேர்மங்கள் பெருமளவு கழுவப்படுகின்றன. வினாகிரியின் அமிலமும் நொதியத்தின் செயற்பாட்டைக் குறைக்கின்றது. சிவப்பு வெங்காயத்தைப் பயன்படுத்தினால் அதிலுள்ள நிறமி அமிலத்தில் பளிச்சிடும் இளஞ்சிவப்பாக மாறும்.

உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் முதலில் காய்களின் மேல் படிந்துவிட்டால் உப்பும் புளிப்பும் சீராகப் பரவுவதில்லை. வினாகிரியில் உப்பை முதலில் கரைப்பதற்கு இதுவே காரணம். எண்ணெயும் வினாகிரியும் நிலையாகக் கலப்பதில்லை என்பதால் பரிமாறும் ஒவ்வொரு முறையும் கலவையைக் கிளறிவிட வேண்டும்.

தக்காளியின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி நீர் ஆகும். உப்புச் சேர்த்தவுடன் சவ்வூடுபரவல் மூலம் இந்நீர் வெளியேறத் தொடங்கும். இதனால் கலவை நீர்த்துப் போகாதிருக்கச் சிலர் விதைகளையும் அவற்றைச் சூழ்ந்த கூழையும் நீக்கிவிடுகின்றனர். ஆனால் தக்காளிக்குச் சுவையூட்டும் குளுட்டாமிக் அமிலம் சதையைவிட அக்கூழிலேயே மிகுதியாக உள்ளது. ஆகவே உடனே உண்பதாயின் கூழுடன் சேர்ப்பதே சுவை தரும். ரொட்டிக்குள் வைத்து உண்பதாயின் விதைகளை நீக்குவது பொருத்தமானது. வெளியேறும் சாற்றை வீணாக்காமல் சோற்றின் மீதோ சுட்ட இறைச்சியின் மீதோ ஊற்றிக்கொள்வதும் உண்டு.

தழைகளை இறுதியில் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. இலைகளின் பச்சையம் அமிலத்தில் நெடுநேரம் இருந்தால் தன் மக்னீசியத்தை இழந்து மங்கிய பழுப்புப் பச்சையாக மாறிவிடும்.

பரிமாறும் முறை

சுராஸ்கோவில் இறைச்சிக்குப் பெரும்பாலும் கல்லுப்பு மட்டுமே இடப்படுகின்றது. கொழுப்பு மிகுந்த அவ்விறைச்சியுடன் புளிப்பும் குளிர்ச்சியும் உடைய வினாகிரெச்சியைச் சேர்த்து உண்ணும்போது திகட்டல் குறைகின்றது. மரவள்ளி மாவை வறுத்துச் செய்யும் ஃபரோஃபா, சோறு ஆகியவையும் அதே தட்டில் இடம்பெறும். சுட்ட கொத்திறைச்சிக் குழல்களை ரொட்டிக்குள் வைத்து, அதன்மேல் இதனைப் பரப்பி உண்பது பரவலான தெருவோர உணவாகும். வாரச்சந்தைகளில் விற்கப்படும் பாஸ்தெல் என்னும் பொரித்த பலகாரத்துடனும் இது தரப்படுகின்றது.

பாகியா மாநிலத்தின் அக்கராஜே, தட்டைப்பயறு மாவைச் செம்பனை எண்ணெயில் பொரித்துச் செய்யப்படுவது. அதனைப் பிளந்து உள்ளே வைக்கப்படும் பொருட்களுள் தக்காளி வெங்காயக் கலவையும் ஒன்று. அக்கராஜே விற்கும் பெண்களின் தொழில் 2005ஆம் ஆண்டில் பிரேசிலின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்யப்பட்டது.

பிரேசிலியரின் அன்றாட உணவில் தக்காளிக்கு உள்ள இடம் 2013ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டின் முதல் மாதங்களில் அதன் விலை கடுமையாக உயர்ந்தபோது, பணவீக்கத்தின் அடையாளமாகவே தக்காளி பேசப்பட்டது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் தக்காளி மாலை அணிந்து நிகழ்ச்சியில் தோன்றினார். விலை உயரும் காலங்களில் தக்காளியைக் குறைத்து முட்டைக்கோசையோ வெள்ளரியையோ சேர்த்துக்கொள்ள இத்தொடுகறி இடந்தருகின்றது.

வட்டார வேறுபாடுகள்

பிரேசிலில் தழைகளைச் சிறு கட்டுகளாகச் சேர்த்து, மணப்பச்சை எனப் பொருள்படும் பெயரில் விற்கின்றனர். தெற்கிலும் தென்கிழக்கிலும் இக்கட்டில் வோக்கோசும் வெங்காயத்தாளும் இருக்கும். வடக்கிலும் வடகிழக்கிலும் வோக்கோசுக்குப் பதிலாகக் கொத்தமல்லி இருக்கும். இதனால் ஒரே தொடுகறி வட்டாரத்துக்கு ஏற்ப மணம் மாறுகின்றது.

வினாகிரிக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு, பச்சைக் குடைமிளகாயுடன் மஞ்சள், சிவப்பு நிறக் காய்கள், காரத்துக்குப் பச்சை மிளகாய் ஆகியன சேர்க்கப்படுவதும் உண்டு. மாங்காய், அன்னாசி, வேகவைத்த தட்டைப்பயறு ஆகியவற்றைக் கொண்ட வகைகளும் உள்ளன. கடற்கரைப் பகுதிகளில் வேகவைத்த சிப்பி, சாக்குக் கணவாய் ஆகியவற்றை இக்கலவையில் ஊறவைத்துக் குளிர்ந்த உணவாகப் பரிமாறுகின்றனர்.

சேமிப்பும் பாதுகாப்பும்

வினாகிரி சேர்ந்திருப்பதால் வினாகிரெச்சி ஊறுகாயைப் போல நெடுநாள் கெடாது என்னும் எண்ணம் தவறானது. மேற்கண்ட அளவில் சேரும் 60 மி.லி. வினாகிரியில், அது 4 விழுக்காடு அமிலம் கொண்டதாயின், 2.4 கிராம் அசிட்டிக் அமிலமே உள்ளது. முழுக் கலவையின் எடை ஏறத்தாழ 880 கிராம். எனவே அமிலத்தின் பங்கு 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு. காய்களிலிருந்து வெளியேறும் நீரும் வினாகிரியை மேலும் நீர்க்கச் செய்கின்றது. சுவைக்குப் போதுமான இப்புளிப்பு, நோய்க்கிருமிகளைத் தடுப்பதற்குப் போதுமானதன்று.

தக்காளியின் தோல் வெட்டப்படும்போது அதன்மேல் இருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் சதையை அடைந்து பெருகலாம். இக்காரணத்தால் ஐக்கிய அமெரிக்காவின் உணவு விதித்தொகுப்பு, 2007ஆம் ஆண்டு முதல் நறுக்கிய தக்காளியைக் குளிர்நிலையில் வைக்கவேண்டிய உணவாக வகைப்படுத்தியுள்ளது. வீட்டில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நன்று.

- பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலோ கத்தியிலோ காய்களை நறுக்கக் கூடாது. சுராஸ்கோவுக்கு இறைச்சியும் காயும் ஒரே நேரத்தில் ஆயத்தம் செய்யப்படுவதால் இது மிகவும் முக்கியமானது.
- கலவையை 5 பாகை செல்சியசுக்கு மேற்படாத குளிரில் வைத்து, 2 அல்லது 3 நாட்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும்.
- அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேலும், 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேலும் வைக்கக் கூடாது. வெளியில் நடக்கும் விருந்துகளில் சிறு கிண்ணங்களில் எடுத்து வைத்து, தீரத்தீர நிரப்பலாம்.
- உண்டது போக எஞ்சியதைப் புதிய கலவையுடன் சேர்க்கக் கூடாது.
- அலுமினியப் பாத்திரங்கள் அமிலத்துடன் வினைபுரிவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒத்த தொடுகறிகள்

அர்கெந்தீனாவிலும் உருகுவையிலும் வழங்கும் சல்சா கிரியோலா, சேர்பொருட்களாலும் பயன்பாட்டாலும் வினாகிரெச்சிக்கு மிகவும் நெருங்கியது. சிலியின் பெப்ரே கொத்தமல்லியும் மிளகாயும் மிகுந்தது. மெக்சிக்கோவின் பிக்கோ தெ கய்யோவில் எலுமிச்சைச் சாறு சேர்க்கப்படும். எண்ணெய் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுட்ட இறைச்சியுடன் உண்ணப்படும் கச்சும்பரியும் தக்காளி, வெங்காயம் கொண்டது. அதன் பெயர் வட இந்தியாவின் கச்சும்பர் என்னும் பச்சைக் காய்கறிக் கலவையின் பெயருடன் தொடர்புடையது.