பாளையக்காரர் வம்சாவளியை ஆராயும் முறை

பாளையக்காரர் குடும்பத்தில் பட்டத்துக்கு வந்தவர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் செய்த போர், கட்டிய கோயில், பெற்ற விருது ஆகியவற்றைச் சொல்லும் ஆவணமே பாளையப்பட்டு வம்சாவளி. எடுத்துக்காட்டாக, போடிமெட்டு மலைப்பாதையின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர், மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் ஒன்று. அதை ஆண்டவர்கள் தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர்கள். ஆந்திரத்துக் குத்தியிலிருந்து முன்னோர் தெற்கே வந்ததாகக் குடும்ப மரபு கூறுகிறது.

பாளையங்களின் வம்சாவளிகள் பல இன்று படிக்கக் கிடைப்பதற்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி (1754–1821) காரணம். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா முதலிய உதவியாளர்களைக் கொண்டு அவர் ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகள் என்னும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

வம்சாவளியைப் படிப்பவர் மூன்று சிக்கல்களை அவிழ்க்க வேண்டும். முதலாவது, பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கத்தால் இரண்டு மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். இருவரை ஒருவராகவும் ஒருவரை இருவராகவும் எண்ணிவிட நேரும். இரண்டாவது, ஆண்டு. வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1747 ஆகலாம், 1807 ஆகலாம், 1867உம் ஆகலாம். கூடவே சக ஆண்டு 1669 என்றிருந்தால், 78ஐக் கூட்டி 1747 என்று உறுதி செய்யலாம். மூன்றாவது, உறவு. தம்பியோ தாயாதியோ பட்டமேறியிருந்தாலும் பட்டியல் அவரை மகன்போல் அடுத்த வரியில் நிறுத்திவிடும். அப்படி வந்தவர்களை எல்லாம் தனித்தனித் தலைமுறையாக எண்ணினால் குடும்பத்தின் வயது கூடிவிடும்.

இவற்றைத் தீர்க்கக் குடும்பத்துக்கு வெளியே எழுதப்பட்ட சான்று தேவை. நார்மன் பிரபுக் குடும்பங்களை ஆராய்வோருக்கு 1086இல் இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கு அப்படி உதவுகிறது. பாளையங்களுக்குக் கோயில் கல்வெட்டும், கும்பினியின் பேஷ்குஷ் (கப்பம்) கணக்கும், நீதிமன்றத் தீர்ப்பும் உதவுகின்றன.

தீர்ப்புகள் இதில் சேரக் காரணம், பாளையம் ஜமீனாக மாறிய பின்னும் அது பங்கு பிரியாமல் ஒருவரையே சேர்ந்தது. வாரிசு யார் என்பதை வம்சமே தீர்மானித்தது. 1829இல் ஆண் வாரிசின்றி இறந்த சிவகங்கை ஜமீன்தாருக்குப் பின், மகளுக்கா, அண்ணன் வழியினருக்கா உரிமை என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1863இல் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது.

ஆகவே வம்சாவளி வரலாறாக மட்டும் எழுதப்பட்டதன்று. உரிமை கோரும் பத்திரமும்கூட. எந்த உரிமைக்காக எழுதப்பட்டது என்று அறிந்து, ஒவ்வொரு பெயரையும் வெளிச்சான்றோடு ஒப்பிடும்போதுதான் அது நம்பத்தக்க வரலாறாகிறது.