உங்களுக்குத் தெரியுமா? ஒரு கட்டை மட்டும் ஏன் அலறுகிறது?

டிஜிட்டல் பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் பெரும்பாலும் இரண்டு மின்தொடர்புகள் உண்டு. கட்டையை அழுத்தும்போது ரப்பர் குமிழில் உள்ள கார்பன் வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்க்யூட் போர்டைத் தொடும். இடையில் கழியும் மில்லிசெகண்டுகளைக் கொண்டுதான் விரல் மெல்ல விழுந்ததா, ஓங்கி விழுந்ததா என்று கருவி கணிக்கிறது. 1983-இல் அறிமுகமான மிடி முறையில் இந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். ஒரு தொடர்பில் அழுக்கு படிந்தாலும் கணக்குப் பிசகும்: தடவினாலே ஸ்வரம் அலறும், அல்லது ஊமையாகிவிடும்.

தூத்துக்குடி–திருநெல்வேலி சாலையிலுள்ள புதுக்கோட்டை (மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு) பக்கத்துக் கருவிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுக்கும், தூசியை ஒட்டவைக்கும், உலோகத்தை அரிக்கும். வாசித்ததும் உறை போடுவது பாதி மருத்துவம்.

சுத்தம் செய்ய மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, நூல் உதிராத துணியால் தொடர்புகளைத் துடைத்தால் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது. போர்டின் கரிப்பூச்சு மிக மெல்லியது, தேய்ந்தால் திரும்பாது. நன்றாக உலர்ந்தபின், குமிழ்கள் வரிசையாக உள்ள ரப்பர் பட்டையின் முளைகளை மழுங்கிய குச்சியால் போர்டின் துளைகளில் அழுத்திப் பொருத்தலாம்.

குறை ரப்பரிலா, போர்டிலா? அதிகம் வாசிக்காத ஓரத்துப் பட்டை அதே அளவில் இருந்தால், அதையும் கோளாறுள்ள பட்டையையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் ரப்பர்தான். புதுப் பட்டை வாங்கிவிடலாம்.