123 பேர் கேட்கும் கச்சேரி

மதுரைக்காரர்களுக்கு ராத்திரிச் சங்கீதத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மாசி வீதி முனையில் நின்று தோடியைப் பிடித்துக்கொண்டால், சுண்டல் விற்கிறவர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அடுத்த பிடி என்ன வரப்போகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியாது, வாசிக்கிறவருக்கும் தெரியாது. அதில்தானே ருசி! இந்த ருசி தெரிந்தவர்கள் என்ற தைரியத்தில்தான் உங்களிடம் ஜாஸ் சங்கீதத்தைப் பற்றிப் பேச வருகிறேன்.

"ஜாஸா? ஹோட்டலில் ஜோடி ஜோடியாக ஆடும்போது வாசிப்பார்களே, அந்தக் கடமுடா சத்தமா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நம் நாட்டுக்குள் அது ஹோட்டல் வாசல் வழியாக வந்தது என்னவோ நிஜந்தான். 1930-களில் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் அமெரிக்கக் கறுப்பின வித்வான்கள் வாசித்தார்கள். பிற்பாடு கல்கத்தா பார்க் தெருவில் இரவெல்லாம் அதே முழக்கம். ஆனால் அது பிறந்த இடம் ஹோட்டல் அல்ல. அமெரிக்காவின் தென்கோடியில், நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர்வலத்திலும் சவ அடக்கத்திலும் வாசித்து வளர்த்த சங்கீதம் அது.

மேடையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஒரு பியானோ, 'பேஸ்' என்று ஆளுயரத்துக்கு ஒரு தந்தி வாத்தியம், டிரம்ஸ், ஒரு சாக்ஸபோனோ டிரம்பெட்டோ. முதலில் எல்லாருமாக ஒரு மெட்டை வாசித்துக் காட்டுவார்கள். அந்த மெட்டின் நீளமே ஆவர்த்தனம் மாதிரி சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் ஒவ்வொருவராகத் தம் மனோதர்மத்தை அவிழ்த்துவிடுவார்கள். பிறகு சாக்ஸபோன்காரர் கொஞ்சம், டிரம்ஸ்காரர் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கேள்வியும் பதிலுமாக வரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவேண்டுமா? கடைசியில் எல்லாரும் மெட்டுக்கே திரும்பி வந்து முடிப்பார்கள். ஒன்று: ராகம் கிடையாது. பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து ஒலிப்பது நம் காதுக்குப் பிடிபட நாளாகும். ஆகவே, 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று சொந்தம் கொண்டாட நான் தயாரில்லை.

ஆனாலும் வித்வானுக்கு வித்வானைத் தெரியும். 1958-ல் டேவ் ப்ரூபெக் என்ற பியானோக் கலைஞரின் குழு சென்னைக்கு வந்தபோது, அதில் டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவும் நம் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். பிள்ளையவர்களின் இடது கை செய்த ஜாலம் நமக்குத் தெரியும்; அன்று மொரெல்லோவுக்கும் தெரிந்தது! மறு வருஷம் இதே குழு ஐந்து எண்ணிக்கையில் 'டேக் ஃபைவ்' என்றொரு இசைத்தட்டைப் பதிவு செய்தது. மேல்நாட்டார் கணக்குத் தவறித் தடுமாறிய தாளம். கண்ட சாப்பு கேட்டு வளர்ந்த நமக்கு அது வீட்டுச் சாப்பாடு.

இந்தச் சங்கீதத்துக்கு வேண்டியது பெரிய மண்டபம் அல்ல. நியூயார்க்கில் 'வில்லேஜ் வேன்கார்ட்' என்று ஓர் இடம். 1935-ல் மாக்ஸ் கார்டன் என்பவர் இப்போதுள்ள இடத்தில் ஆரம்பித்தார். தெருவிலிருந்து படியிறங்கிப் போனால், தரைக்குக் கீழே கோணல்மாணலாக ஓர் அறை. 123 பேர்தான் உட்காரலாம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது!

ஆனால் அங்கே நடந்ததைப் பாருங்கள். 1961, ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவான்ஸ் என்ற பியானோக்காரர், பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன் ஆகிய மூவரும் பகலும் இரவுமாக ஐந்து தடவை வாசித்தார்கள். பதிவு செய்துகொண்டார்கள். இன்று அதைக் கேட்டால் சங்கீதத்துக்கு நடுவே கண்ணாடித் தம்ளர் உரசுவதும், யாரோ சிரிப்பதும் கேட்கும். அருகே இருந்தவர்கள் எத்தனை பேர் காது கொடுத்தார்களோ! பதினோரு நாள் கழித்து, ஜூலை 6-ல், லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவான்ஸ் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை. அந்த மூவர் சேர்ந்து வாசித்த கடைசிக் காலத்தின் சாட்சி, அந்தத் தம்ளர் சத்தத்தோடு கூடிய பதிவுதான்.

அதே வருஷம் நவம்பரில், அதே நிலவறையில், ஜான் கோல்ட்ரேன் தம் சாக்ஸபோனில் வாசித்த ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? 'இந்தியா'!

இத்தனை புகழுள்ள இடத்துக்கும் ஆபத்து வந்தது. 123 நாற்காலிகளில் வரும் வசூலில் யார் கோடீசுவரர் ஆக முடியும்? மாக்ஸ் 1989-ல் காலமான பிறகு அவர் மனைவி லொரெய்ன், 2018-ல் கண்மூடும் வரையில் நடத்தினார். 2020 மார்ச்சில் கோவிட் வந்து கதவைச் சாத்தியது; மறுபடி திறக்க 2021 செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ ஊர்களில் இப்படிப்பட்ட சின்ன இடங்கள் திறக்காமலே போயின. தில்லியில் 2015-ல் 'பியானோ மேன்' என்ற பெயரில் இப்படி ஓர் அறை கிளம்பியது. ஒரு பாட்டு வாசிக்கும்போது பரிமாறுவதை நிறுத்தி, எல்லாரும் மௌனமாகக் கேட்கும்படி வைத்தார்கள். கேட்பதற்காகத்தான் வருகிறோம் என்று ஞாபகப்படுத்த ஒரு விதி!

நம் மதுரைக்கு இதெல்லாம் எட்டாத விஷயம் என்று எண்ணவேண்டாம். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டிய பிறகு, தவிலோடு அந்த வாத்தியம் நம் முகூர்த்தங்களில் சகஜமாகிவிட்டது. அவர் ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்தவர். இன்று கல்யாண மண்டபத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் சாக்ஸபோன்காரர், மாலை மாற்றும் நேரத்துக்குச் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது சின்னதாக ஒரு ஆலாபனை போட்டுப் பார்ப்பார். அவர் எதிரே உள்ள நாற்காலிகள் பெரும்பாலும் காலி. எல்லாரும் பந்திக்குப் போயிருப்பார்கள். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு பத்து நிமிஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பாயசம் தீர்ந்துவிடாது.